பீரோ கண்ணாடியை மூடச் சொன்ன நாள்

திங்கட்கிழமை நீங்கள் முதல் வீட்டின் வாசலில் நிற்பீர்கள். அதற்கு முன் உங்களிடம் அரை மணி நேரம் பேசும்படி அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்கு வார்த்தை வராது. எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். மறதி நோய் வந்தவர்களின் நடத்தையை ஆராயும் இந்தத் திட்டத்தில், தொடங்கிய நாள் முதல் வீடு வீடாகப் போய் விவரம் எழுதுகிற வேலை பார்த்தேன். மேட்டுப் பாதைகளுக்கு என் முழங்கால்கள் ஒத்துவராமல் போனதால் போன வருடம் நின்றுகொண்டேன். உங்கள் பெயர்ப் பட்டியலைக் காட்டினார்கள். கடலுக்குப் போகிறவர் மகள் ஒருத்தி. முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கிற அம்மாவின் மகன் ஒருவன். மலையடிவாரக் குடியிருப்பிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி முடித்து வந்தவள் ஒருத்தி. இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து ஆய்வாளர்கள் வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயிற்சியே என்றார்கள். ஏன் வர வேண்டும் என்று உங்களில் சிலர் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில், சிதறால் ஊருக்குப் போகும் வழியில் ஒரு வீட்டில் நடந்தது. ஆள் யாரென்று தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நான் செய்த தப்பை மட்டும் மாற்றவில்லை.

முதலில் எங்களுக்குள் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஒரு சாலையில் நடந்தால் கோயில், சர்ச், அய்யாவழித் தாங்கல், பள்ளிவாசல் என்று அடுத்தடுத்து வரும். எங்கள் குழுவிலும் எல்லா மதத்து வீட்டுப் பெண்களும் இருந்தோம். நான் கிறிஸ்தவ சபைக்குப் போகிற குடும்பம். பையும் தாளுமாக ஒரு புதுப்பெண் வாசலில் வந்து நின்றால், மதம் மாற்ற வந்தவளோ என்று சிலருக்குச் சந்தேகம் வரும். என்னை வெளியிலேயே நிறுத்தி அனுப்பிய வீடுகள் உண்டு. அதனால் யாரும் எழுதி வைக்காத ஒரு விதி எங்களுக்குள் வந்துவிட்டது. போகிற வீட்டில் சாமி காரியம் பேசக் கூடாது. சாமி படம் மாட்டிய பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. மற்றவர்கள் இதை ஓரளவு கடைப்பிடித்தார்கள். நான் முழுவதும் கடைப்பிடித்தேன். என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு, கேட்காமல் இருப்பதற்கு ஒரு விதி கிடைப்பது பெரிய வசதி.

அந்த வீட்டுப் பெரியவர் மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்தவர். எண்பதை நெருங்கிய வயது. மனைவி இறந்துவிட்டார். மகன் வளைகுடாவில். மருமகள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டு அவரையும் பார்த்துக்கொண்டாள். நான் உள்ளே நுழைந்ததும் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மட்டியா, செந்துளுவனா?"

இரண்டும் வாழை ரகம், அதை ஏன் என்னிடம் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"கொல கொண்டு வந்திருக்கியன்னு நெனைக்காரு அக்கா," என்று மருமகள் சிரித்தாள். "ஏதாவது ஒண்ணு சொல்லிருங்க. இல்லேன்னா விடமாட்டாரு."

"மட்டி," என்றேன்.

"வெல ஒடிஞ்சு கெடக்கு. திருப்பிக் கொண்டு போ."

நோய் இருந்தது. மகன் பெயர் வராது. மனைவி இறந்ததை மறந்து, அவள் குளிக்கப் போயிருக்கிறாள் என்பார். ஆனால் சாப்பிட்டார், தூங்கினார், யாரையும் ஏசவில்லை. படிவத்தில் அதிகம் டிக் விழவில்லை. நான் முடிக்கிற நேரம் உச்சிவேளை ஆகிவிட்டது. பெரியவர் எழுந்து குழாயடியில் காலைக் கழுவினார். துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். உள்அறையில் இருந்த இரும்பு பீரோவின் நீளக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

மருமகள் மிஷினை நிறுத்தினாள். "இதத்தான் சொல்லணும்னு இருந்தேன் அக்கா. தெனமும் இந்நேரத்துக்கு கண்ணாடிக்க முன்ன போயி நின்னு பேசுவாரு. முந்தாநேத்து, ‘அங்க ஆளு உண்டு’ன்னு சொன்னாரு. எனக்கு கையும் காலும் வெறைக்கு."

எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை வேறொருவர் என்று நினைக்கிறாரா?

அந்த நிமிடத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. தலையில் கட்டிய துண்டைப் பார்த்தேன். சாலை முனையில் தாங்கல் இருப்பதை வரும்போதே பார்த்திருந்தேன். தாங்கலில் சிலை கிடையாது, கண்ணாடிதான் இருக்கும். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன் முன் நின்று கும்பிடுவார்கள். கடவுள் உனக்குள்ளே இருக்கிறார் என்பதற்காக அப்படி. இந்த ஊரில் பிறந்த எவருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். மனதில் ஒன்று தட்டத்தான் செய்தது. நீங்கள் அய்யாவழியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் இது தாங்கல் இல்லையே, பீரோதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாமி காரியம் பேசக் கூடாது. கட்டம் தயாராக இருந்தது. டிக் போட்டேன்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குடும்பத்தாருக்குக் கொடுக்க எங்களிடம் ஒரு கையேடு இருந்தது. கண்ணாடியில் தன்னைக் கண்டு கலங்கினால் கண்ணாடியைத் துணியால் மூடிவிடவும் என்று அதில் ஒரு வரி. நல்ல யோசனைதான். பல வீடுகளில் பலன் தந்திருக்கிறது. ஆனால் இவர் கலங்கவே இல்லை. கலங்கியது மருமகள். அந்த வரியின் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் சொன்னேன்.

"ஒரு துணி போட்டு மூடிருங்க."

அவள் பூப்போட்ட போர்வை ஒன்றை எடுத்து பீரோவின் மேலிருந்து தொங்கவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்போடு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இந்த முறை என்னோடு ஓர் இளம் ஆய்வாளர் வந்தாள். பெயர் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. அவர்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவளே அவள்தான். மறதி நோயாளிகளின் நடத்தையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் வேறு நகரத்திலிருந்து வீடியோவில் கூட்டம் நடத்துவார். எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். இவள் மைக்கை அணைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் நான், அதேபோல. அப்படித்தான் நாங்கள் பழகினோம்.

முதல் நாள் அவளை மேடம் என்று கூப்பிட்டேன். "மேடம்னு கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டேன் அக்கா. எங்க தோட்டத்துல மேடம்னா மொதலாளிக்க பெண்டாட்டி," என்றாள்.

அவளுக்கு வீடுகளைக் காட்டிக்கொடுக்கும் வேலை எனக்கு. அதற்குப் பயிற்சி அளித்தல் என்று தாளில் பெயர் போட்டிருந்தார்கள்.

மருமகள் வாசலிலேயே நின்றிருந்தாள். மூன்று வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தாள். உள்ளே பார்த்தால் பெரியவர் அதைவிட மோசம். பனியன் தோளில் நிற்காமல் சரிந்து கிடந்தது. தலையில் துண்டு கட்டியபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் திங்க மாட்டேங்காரு அக்கா," என்று தொடங்கி மூச்சு விடாமல் சொன்னாள். முதலில் மதியச் சாப்பாடு நின்றதாம். கொஞ்ச நாள் ராத்திரி மறதியில் ரெண்டு வாய் வாங்கினாராம். இப்போது அதுவும் இல்லை. காலையில் எழுந்த உடனே, துண்டு கட்டும் முன், கட்டன் சாயா மட்டும் குடிக்கிறார். ஓர் இடத்தில் இருக்காமல் அறைக்கும் திண்ணைக்குமாக நடக்கிறார். குளிப்பாட்டத் துண்டை அவிழ்த்தபோது ஓங்கி அடித்துவிட்டார். மணிக்கட்டில் நீலம் பாய்ந்த இடத்தைக் காட்டினாள்.

"டாக்டரு எல்லா டெஸ்டும் எடுத்துப் பாத்துட்டாரு. வேற ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கெழமைக்குள்ள திங்கத் தொடங்கல்லேன்னா மூக்கு வழியா குழாய் போடணுமாம். குழாயப் பிடுங்குவாரு, அதனால கையக் கட்டி வைக்கணுமாம். அவரு மகன், ‘பேசாம ஹோம்ல கொண்டு விடு’ன்னு போன்ல சொல்லுதாரு." அவள் மாமனாரின் கையைப் பார்த்தாள். "வாழக்கொல தூக்கித் தூக்கி வளந்த கையி அக்கா அது. அதப் பிடிச்சு நான் கட்டவா?"

அன்று புதன்கிழமை.

நான் படிவத்தை எடுத்து டிக் போட்டேன். உணவை மறுக்கிறார், ஆம். அடிக்கிறார், ஆம். அமைதியின்மை, ஆம். தாள் நிறைந்துவிட்டது. "நோய் முத்திட்டு," என்று ஆய்வாளர் பெண்ணிடம் மெல்லச் சொன்னேன். அவள் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மூணு வாரத்துலயா அக்கா?"

பிறகு, இன்று முழுக்க இங்கேயே இருக்கப் போகிறேன் என்றாள். எங்கள் களப்பணியை மேற்பார்வையிடுகிறவருக்கு அவளே போன் செய்தாள். அவர் கத்துவது எனக்கே கேட்டது.

"ஒரு வீட்டுக்கு ஒரு மணிக்கூறு. இன்னும் மூணு வீடு கெடக்கு."

"நாளைக்குப் போறோம் சார்."

"அங்க உக்காந்து என்ன செய்யப் போற?"

"பாத்துட்டு இருப்பேன் சார்."

"எதப் பாக்கப் போற?"

"தெரியல்ல சார். தெரிஞ்சா எதுக்குப் பாக்கணும்?"

வெட்டுத் துணிகள் குவிந்து கிடந்த மூலையில் தரையில் உட்கார்ந்தாள். நோட்டில் இரண்டு கோடு கிழித்து மூன்று பத்தி ஆக்கினாள். "ஒரு காரியம் நடந்தா, அதுக்கு முன்ன என்ன நடந்து, பொறவு என்ன நடந்து. அவ்வளவுதான் அக்கா நம்ம படிப்பு. மிச்சம் எல்லாம் இங்கிலீஷ்," என்றாள்.

நான் உள்அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அந்தப் போர்வை என் கண்ணில் பட வேண்டாம் என்று.

பத்து மணிக்கு மருமகள் தோசை கொண்டு வைத்தாள். பெரியவர் தட்டைத் தள்ளினார். நான் வழக்கம்போல ‘மறுத்தார்’ என்று எழுதினேன். அந்தப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தேன். ‘புறங்கையால் மெதுவாகத் தள்ளினார். தோசையைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார்’ என்று எழுதியிருந்தாள். ஒரே தட்டை, ஒரே கையை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். பசியை அவள் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் எழுதிய ‘மறுத்தார்’ எத்தனை, அவற்றில் எத்தனை பேர் எச்சில் விழுங்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்.

உச்சிவேளை வந்தது. பெரியவர் எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்துக் குழாயடிக்குப் போனார். கால், கை, முகம் கழுவினார். துண்டை அவிழ்த்து உதறி மறுபடி இறுக்கிக் கட்டினார். பீரோவின் முன்னால், தொங்குகிற போர்வைக்கு நேராகப் போய் நின்றார்.

உதடு அசையவில்லை. கை நெஞ்சோடு இருந்தது. நின்றுகொண்டே இருந்தார். கால் நடுங்கியது. ஒரு தடவை போர்வையின் ஓரத்தை விரல் நுனியால் தொட்டார். விலக்கவில்லை. விரலை எடுத்துக்கொண்டார். பிறகு திரும்பி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பாத்தியளா, இப்ப துணிகிட்ட நிக்காரு," என்றாள் மருமகள். சோற்றுத் தட்டை வைத்தாள். புறங்கை அதை மெதுவாகத் தள்ளியது. "வேர்த்து ஒழுகுது, அந்தத் துண்டையாவது குடுங்க மாமா," என்று அவள் கை நீட்டினாள். அவர் கை மேலே உயர்ந்தது.

"அக்கா, துண்டைத் தொடாதிய!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

மருமகள் கையை இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"எங்க அப்பா பால்வெட்டு கழிஞ்சு வருவாரு அக்கா. பசியில மொகம் கறுத்திருக்கும். குளிச்சு, தலையில துண்டு கெட்டி, கும்பிட்டு முடிச்சு, துண்டை அவுத்து தோள்ல போட்ட பொறவுதான் வெள்ளங்கூட குடிப்பாரு. பசிக்கல்லியாப்பான்னு சின்னதுல கேப்பேன். துண்டு தலையில இருக்கும்ப பசி தெரியாது மக்கான்னு சொல்லுவாரு." சற்று நிறுத்தினாள். "இது ஒரு அறிவுன்னு நான் நெனச்சதே இல்ல. நம்ம வீட்டுச் சங்கதி, இதப் போயி எங்க சொல்லன்னு விட்டுட்டேன்."

பெரியவர் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள்.

"பாட்டா, பணிவிடை கழிஞ்சா?" தாங்கலில் கும்பிடுவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்று முழுவதும் யார் பேச்சுக்கும் திரும்பாத மனிதர் அவளைத் திரும்பிப் பார்த்தார். எதிரில் இருப்பவள் ஏதோ தெரிந்தவள் என்பது போல.

"நடை தொறக்கல்ல மக்கா. தொறக்காம எப்பிடித் திங்க?"

மருமகள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "எங்க அம்மா வீடு மண்டைக்காட்டுப் பக்கம். அம்மனுக்குப் பொங்க வைக்கிறவங்க நாங்க. மாமா தெனமும் சந்தைய முடிச்சுட்டு தாங்கல்ல போயி கும்பிட்டுட்டு வந்துதான் சோறு திம்பாருன்னு தெரியும். வழி தப்பிப் போவ ஆரம்பிச்ச பொறவு நாங்கதான் வெளிய விடல்ல. ஆனா இது பீரோல்லா! பீரோவப் போயி...."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகன் பெயர் போய்விட்டது. மனைவி இறந்தது போய்விட்டது. நாற்பது ஐம்பது வருடம் நடந்த வழி போய்விட்டது. தாங்கலுக்கு விடவில்லை என்றதும் அந்த மனிதர் வீட்டுக்குள் தேடி ஒரு கண்ணாடியைக் கண்டுபிடித்திருக்கிறார். அதையும் நாங்கள் மூடினோம். நடை சாத்தியிருக்கிறது, திறக்கும்வரை காத்திருப்போம் என்று மூன்று வாரமாகப் பசியோடு நின்றிருக்கிறார். திரையைத் தானே விலக்கக் கூடாது என்ற மரியாதைகூட மறக்கவில்லை.

"இந்தத் துணிய யாரு போடச் சொன்னது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

மருமகள் என்னைப் பார்த்தாள். உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள். "நான்தான் போட்டேன்," என்றாள்.

மூன்று வாரம் சரியாகத் தூங்காத பெண், கையில் அடி வாங்கிய பெண், என்னைக் காப்பாற்றினாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அதில்தான் எனக்கு நல்ல பழக்கம்.

"நான் சொன்னேன்," என்றேன். "அய்யாவழியா இருக்கும்னு மொத நாளே மனசுல பட்டுது. கேக்கல்ல."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். நோட்டைத் திறந்து, ‘முன்பு’ என்ற பத்தியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வெற்றிடத்தில் பேனாவை வைத்தாள்.

"தேதி சொல்லுங்க அக்கா," என்றாள்.

சொன்னேன். எழுதினாள்.

நான் எழுந்து போய்ப் போர்வையில் கை வைத்தேன். இழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"நில்லுங்க அக்கா. மூணு வாரம் ஆயாச்சு. மெலிஞ்சு மொகமே மாறிப் போச்சு. இப்ப அது யாருன்னு அவருக்குத் தெரியாம இருக்கலாம். சட்டுனு பாத்து வெரண்டுட்டாருன்னா இனி அந்தப் பக்கமே போவ மாட்டாரு. பொறவு குழாய்தான். நமக்கு ஒரு தடவதான் கெடைக்கும்."

தங்கச்சியைப் போல வைத்திருந்த அந்தச் சின்னப் பெண்ணின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். யோசனையில் தடுமாற்றமே இல்லை. நாம் மூன்று பேரும் வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது என்றாள். அவர் மறுபடி எழுந்து போய் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், கூட்டிப் போகக் கூடாது. தாங்கலில் இருப்பது போலக் கண்ணாடிக்கு முன் விளக்கு வேண்டும். திறப்பது வீட்டு ஆளாக இருக்க வேண்டும். தான் ஓரமாக நின்று அவர் முகத்தை மட்டும் பார்ப்பாள். பயம் தெரிந்தால் கையைத் தூக்குவாள். தூக்கினால் அந்த நொடியே போர்வையை விட்டுவிட வேண்டும்.

"நான் தொறக்கலாமா பிள்ளே? குத்தம் ஒண்ணும் ஆவாதே?" என்று மருமகள் கேட்டாள்.

"தெனமும் சோறு போடுத கையில்லா அக்கா. அதுக்கு மேல என்ன?"

மருமகள் குளித்து வந்தாள். விளக்கை ஏற்றினாள். காத்திருந்தோம். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் இருக்கும். பெரியவர் எழுந்தார். கால் கழுவப் போனார். வந்து போர்வைக்கு நேராக நின்றார்.

மருமகள் அதை ஓரமாகப் பைய விலக்கினாள்.

கண்ணாடிக்குள் ஒரு சுடர். அதன் பின்னால் தலைப்பாகை கட்டிய, கன்னம் ஒட்டிய ஒரு கிழவர். பெரியவரின் புருவம் சுருங்கியது. தலையைச் சற்று முன்னால் நீட்டினார். அந்தப் பெண்ணின் கை அரைவாசி மேலே போனது. மருமகளின் விரல்கள் போர்வையில் இறுகின. நான் ஜெபித்தேன். யாரிடம் என்று யோசிக்கவில்லை.

"வந்தாச்சா," என்றார் பெரியவர். நெடுநாள் காத்திருந்தவரைக் கண்டது போன்ற குரல்.

உதடுகள் அசையத் தொடங்கின. இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேச முடியாத மனிதர், உச்சிவேளைக்கு அவர்கள் சொல்லும் துதியான ‘படிப்பு’ முழுவதையும், நீளமாக, ஓர் இடத்திலும் தட்டாமல் சொல்லி முடித்தார். அந்த அறையில் நோயாளி என்று யாரும் இல்லை.

கண்ணாடிக்குள் இருந்தது தான்தான் என்று அவருக்குத் தெரியுமா? வெளியே வந்த பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவளும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். நோட்டில் ‘தெரியவில்லை’ என்று எழுதி, அடியில் கோடு போட்டாள். தன் முகத்தையே மறந்துபோன ஒருவர் அதைக் கண்டு கும்பிட்டாரா, தெரிந்தே கும்பிட்டாரா? நான் முதல் நாள் போட்ட டிக் முழுத் தப்பு என்றுகூட இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. நோயும் வழிபாடும் ஒரே கண்ணாடியில் சேர்ந்து நின்றிருக்கலாம். அதைப் பிரித்துக் காட்டுகிற படிவத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதத் துணிவு வேண்டும். அவளுக்கு இருந்தது.

முடித்ததும் துண்டை அவிழ்த்தார். உதறினார். தோளில் போட்டார். திரும்பி எங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் என்னத்துக்கு நிக்கிய? சோத்தப் போடு."

சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மருமகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வாரமா என் கொழம்புலதான் குத்தம்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "கொழம்பு கொள்ளாம், நல்லாருக்கு," என்றார் பெரியவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

வெள்ளிக்கிழமை குழாய் போடவில்லை. கையைக் கட்டவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண் மைக்கைத் திறந்து பேசினாள். பாதி ஆங்கிலம், பாதி நம் பேச்சு. போர்வையைப் போடச் சொன்னது யார் என்று பேராசிரியர் கேட்டபோது, நானும் என் மைக்கைத் திறந்தேன். அதை எப்படித் திறப்பது என்றே அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாமி காரியம் பேசாத எங்கள் விதியையும் சொன்னேன். இந்த விதி எந்தத் தாளிலும் இல்லையே, நான் எப்படித் தெரிந்துகொள்வது என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அவருக்குத் தெரிய வழியில்லை. எங்களுக்குத் தெரியும், ஆனால் நாங்கள் பேசுவதில்லை. ஏன் உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும் என்பதற்கு, இதை விட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வந்தால் மட்டும் போதாது. பேசவும் வேண்டும். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிவிட்டேன், அதனால் உங்களுக்கும் கஷ்டமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம்.

உங்கள் படிவத்தில் ஒவ்வொரு டிக்குக்கும் கீழே ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு வெற்று வரிகள் இருக்கும். அவை அந்த வீட்டிலிருந்து வந்தவை. நேரம் ஆகிவிட்டது என்று அவற்றைத் தாண்டிப் போக உங்களுக்கு ஆசை வரும்.

பெரியவர் அதன் பிறகும் பல மாதம் இருந்தார். நான் கடைசியாகப் போனது மழைக்காலத்தில். எழுந்து நிற்க முடியாமல் கட்டிலோடு ஆகிவிட்டார். பேச்சு நின்றுவிட்டது. உதடும் அசைவதில்லை. பீரோவை நகர்த்தி, கட்டிலுக்கு நேராகக் கண்ணாடி வரும்படி வைத்திருந்தார்கள். உச்சிவேளைக்கு மருமகள் அவரைத் தலையணையில் நிமிர்த்தி, ஈரத்துணியால் கால் துடைத்து, தலையில் துண்டைக் கட்டினாள். விளக்கை ஏற்றிவிட்டு, பாதி தைத்த ஜாக்கெட்டில் ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டாள். அவர் வாய் திறந்தது. கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஒரு நாளு தையல் அவசரத்துல துண்டு கெட்டாம கஞ்சி குடுத்தேன் அக்கா. பல்லக் கடிச்சுக்கிட்டாரு," என்றாள் அவள், அடுத்த கரண்டியை ஆற்றியபடி. "கெட்டிட்டு ஒடனே அவுத்துப் பாத்தேன். அப்பவும் தொறக்கல்ல. வெளக்கு வச்சு, கொஞ்சம் இருக்க விட்டு, பொறவு அவுத்தேன். தொறந்தாரு. ஒருவேள சும்மா நடந்திருக்குமோன்னு மறுநாளும் மாத்தி மாத்திப் பாத்தேன். அப்பிடித்தான்."

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். நான் பையைத் திறந்து படிவத்தை எடுத்தேன்.

"இதெல்லாமா எழுதுவிய?" என்று சிரித்தாள்.

"மொதல்ல இருந்து சொல்லு பிள்ளே," என்றேன். "பையச் சொல்லு."